கை நீளும் முன்பே

ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டும் வேலையில், கை அசைவது பிற்பாதிதான். முற்பாதி அதற்குள் மூளையில் நடந்து முடிந்திருக்கும். பொருள் எங்கே இருக்கிறது, கை இப்போது எங்கே இருக்கிறது, எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் போவது, எந்தத் தசையை எப்போது இறுக்குவது, உடம்பு சாயாமல் காலை எப்படி ஊன்றுவது என்பதெல்லாம் கை புறப்படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. பழகிய காரியமானால் இதற்குக் கால் விநாடிகூடத் தேவைப்படுவதில்லை. செய்கிறவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. எடுக்க நினைத்தார், எடுத்தார், அவ்வளவுதான். இப்படித் தெரியாமலேயே நடந்துவிடுவதால்தான் இது எவ்வளவு கடினமான வேலை என்று பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தக் கடினத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சிலாங்கூரின் வடகோடியில், பெர்ணம் ஆற்றை ஒட்டிய சபாக் வட்டாரத்துத் தோட்டங்களுக்குப் போகலாம். அங்கிருந்து தெற்கே கோல சிலாங்கூர் வரை நீளும் தாழ்வான கடலோர நிலத்தில் தென்னை, பால்மரம், செம்பனை எல்லாம் நின்றிருக்கின்றன. மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டதும் இந்தப் பக்கத்தில்தான்: 1917இல், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரால். பின்னாளில் பால்மரக் காடுகள் பலவும் செம்பனைக்கு மாறின. பால் வெட்டியும் குலை வெட்டியும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இங்கே உழைத்தார்கள். இன்று குலை வெட்டுபவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிறைய. இவ்விரு வேலைகளையும் தேர்ச்சி தேவைப்படாத கூலிவேலை என்றே ஏடுகள் எழுதிவந்தன. மூளையின் கணக்கில் பார்த்தால் அது சரியல்ல.

செம்பனை நிரையில் நுழைகிறவர் முதலில் பார்ப்பது தரையை. மரத்தடியில் பழங்கள் உதிர்ந்து கிடந்தால் மேலே பழுத்த குலை இருக்கிறது என்று பொருள். பிறகு அண்ணாந்து, மட்டைகளுக்கு நடுவே செறிந்திருக்கும் குலையைத் தேடுகிறார். எந்தப் பக்கத்தில் நிற்பது என்று முடிவு செய்து, நீண்ட அலுமினியக் கம்பை நிமிர்த்துகிறார். கம்பின் நுனியில் பிறைபோல் வளைந்த அரிவாள். குலையைத் தாங்கும் மட்டையின் அடியில் அதைக் கொளுவி, ஒரு வெட்டு இழுப்பு. மட்டை விழுகிறது. அடுத்து குலையின் காம்பு. 10 கிலோவோ 20 கிலோவோ எடையுள்ள, முள் நிறைந்த குலை தன்மேல் விழாதபடி விலகிக்கொண்டே இழுக்க வேண்டும். இளமரமாக இருந்தால் உளியால் குத்தி எடுத்துவிடலாம். 3 மீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டால் கம்பும் அரிவாளும்தான். முதிர்ந்த மரத்தில் வெட்ட வேண்டிய இடம் தலைக்கு மேல் 10 மீட்டரையும் தாண்டும்.

இதில் முதலில் போய்ச் சேர்வது கண். பிரிட்டனில் மைக்கேல் லேண்டும் அவருடைய கூட்டாளிகளும் தேநீர் தயாரிப்பவர்களின் பார்வையைப் பதிவு செய்து 1999இல் வெளியிட்டார்கள். கெண்டியைத் தொடுவதற்கும் மூடியைத் திறப்பதற்கும் ஏறக்குறைய அரை விநாடி முன்பே கண் அங்கே போய் நின்றுவிடுகிறது. கை அங்கு வந்து சேர்வதற்குள் பல சமயம் அடுத்த இடத்துக்குத் தாவியும் விடுகிறது. கண்ணையும் கையையும் மூளை எப்படி ஒன்றாகத் திட்டமிடுகிறது, புறப்படத் தயாரான அசைவை எப்படி நிறுத்துகிறது என்பதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தியின் குழு ஆராய்ந்துவருகிறது.

கண் கண்டுபிடித்ததைக் கை அப்படியே பயன்படுத்த முடியாது. விழித்திரையில் விழும் படம், கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. கண் சற்று அசைந்தால் குலையின் படமும் விழித்திரையில் நகர்ந்துவிடும். குலை என்னவோ நின்ற இடத்தில்தான் நிற்கிறது. ஆகவே கண் தலைக்குள் எந்தக் கோணத்தில் இருக்கிறது, தலை தோளின் மேல் எப்படிச் சாய்ந்திருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்பவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால்தான், கையிலிருந்து குலை எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரியவரும். இந்த மாற்றத்தில் பெரும்பங்கு வகிப்பது பெருமூளையின் உச்சிமடல். உச்சந்தலைக்குச் சற்றுப் பின்புறம், பார்வைப் பகுதிக்கும் தொடுவுணர்வுப் பகுதிக்கும் இடையில் அது அமைந்திருக்கிறது.

அந்த மடலின் பின்பகுதி பழுதுபட்டால் என்ன ஆகும் என்பதை புடாபெஸ்ட் மருத்துவர் ரெஜோ பாலின்ட் 1909இல் எழுதினார். அவருடைய நோயாளிக்குப் பார்வை இருந்தது, கையில் வலிமையும் இருந்தது. ஆனால் வலது கையை நீட்டினால் பொருளுக்குப் பக்கத்தில் எங்கோ போய்த் துழாவினார். அதே பொருளை இடது கையால் சரியாகவே எடுத்தார். ஆகவே குறை கண்ணில் இல்லை. கையின் தசையிலும் இல்லை. கண்டதை அந்தக் கைக்குரிய வழியாக மாற்றும் இடம்தான் கெட்டிருந்தது. பார்ப்பதற்கும் எட்டி எடுப்பதற்கும் இடையே தனியாக ஒரு வேலை இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நோயாளிகள் அந்நாளில் அரிது.

கை இருக்கும் இடத்தைச் சொல்வது கண் மட்டுமல்ல. தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய கதிர்கள் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை ஓயாமல் மூளைக்கு அறிவித்துக்கொண்டிருக்கின்றன. விடியுமுன், தலையில் கட்டிய விளக்கொளியில் பால் வெட்டியவர்கள் நம்பியிருந்தது பெரும்பாலும் இந்த உணர்வைத்தான். அதிகாலையில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போதுதான் பால் நன்றாகச் சுரக்கும். முந்திய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துவிட்டு, இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் செறிந்திருக்கின்றன. அதனால் ஆழம் குறைந்தால் பால் இல்லை. கூடினால், பட்டையை வளர்க்கும் மெல்லிய படலத்தில் காயம் பட்டு மரம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். இடையில் விடவேண்டிய பட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரை இருட்டில் கண் அளக்காது. கத்தி பட்டையில் ஓடும்போது உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் ஏறும் அழுத்தம்தான் அளக்கிறது. இப்படி ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்கள்.

இலக்கு தெரிந்துவிட்டது, கையின் இடமும் தெரிந்துவிட்டது என்றாலும், அங்கே போகும் வழி ஒன்றல்ல. தோளில் மூன்று வகை அசைவு, முழங்கையில் ஒன்று, முன்கை திரும்புவது ஒன்று, மணிக்கட்டில் இரண்டு, ஆக 7. ஒரு பொருளை வேண்டிய இடத்தில், வேண்டிய சாய்வில் பிடிக்க 6 போதும். ஒன்று மிஞ்சுகிறது, அதனால் ஒரே இடத்துக்குக் கையைக் கொண்டுபோக எண்ணற்ற வழிகள். தசைகளையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் பெருகும். இந்தச் சிக்கலை முதலில் தெளிவாகக் கண்டவர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன். அவர் அதைத் தொழிலாளிகளிடமிருந்தே கண்டார் என்பது இங்கே நினைக்கத் தக்கது. 1920களில் மாஸ்கோவின் மத்திய உழைப்பு நிறுவனத்தில், சுத்தியலால் உளியை அடிக்கும் பட்டறைத் தொழிலாளிகளின் உடம்பில் சிறு விளக்குகளைக் கட்டி, அவர்களுடைய ஒவ்வொரு வீச்சையும் படமெடுத்தார். பழகிய கைகளில் சுத்தியல் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் ஒவ்வொரு முறையும் சற்று வேறு வேறாக அசைந்திருந்தன. தேர்ந்த உழைப்பாளி மனப்பாடம் செய்த ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதில்லை. ஒரே விளைவை ஒவ்வொரு முறையும் புதிதாக எட்டுகிறார். மூளை திட்டமிடுவது தசைகளின் பட்டியலை அல்ல, விளைவை என்ற கருத்து இங்கிருந்துதான் வேர்விட்டது.

விளைவைத் திட்டமிடுகிறது என்றாலும், வழியில் ஓர் ஒழுங்கு இருக்கத்தான் செய்கிறது. மேசைமேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கையைக் கொண்டுபோகச் சொன்னால், பெரும்பாலோர் கை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். வேகம் மெல்ல ஏறி, நடுவில் உச்சத்தைத் தொட்டு, மெல்ல இறங்கும். தமர் ஃபிளாஷும் நெவில் ஹோகனும் 1985இல் இதைக் கணிதமாக்கிக் காட்டினார்கள்: குலுங்கலை மிகக் குறைக்கும் வழி எதுவோ, அதுதான் மனிதக் கை தேர்ந்தெடுக்கும் வழி. ஏன் அப்படி என்பதற்கு 1998இல் கிறிஸ்டோபர் ஹாரிஸும் டேனியல் வோல்பர்ட்டும் சொன்ன விடை இன்னும் அழகானது. தசைக்குப் போகும் கட்டளை எவ்வளவு பலமாக இருக்கிறதோ, அதில் கலக்கும் தடுமாற்றமும் அவ்வளவு கூடும். திடீரென்று வெட்டி இழுக்கும் அசைவில் பிழை அதிகம். சீராகப் போனால் இலக்கில் விழும் வாய்ப்பு அதிகம். ஆக, நேர்த்தி என்று நாம் காண்பது, பிழையைக் குறைக்க மூளை கண்ட வழி.

இந்தத் திட்டம் மூளையில் எங்கே, எந்த வடிவில் இருக்கிறது? நெற்றிப்பக்க மடலின் பின்னோரத்தில் இயக்கப் புறணி இருக்கிறது; அதற்குச் சற்று முன்னால் முன் இயக்கப் புறணி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்போஸ்டலோஸ் ஜியோர்கோபூலோஸ், நடுவிலிருந்து எட்டுத் திசைகளில் கையை நீட்டப் பழகிய குரங்குகளின் இயக்கப் புறணியில் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். 1982இல் வெளியான முடிவு இது: ஒவ்வொரு நரம்பணுவுக்கும் பிடித்தமான ஒரு திசை உண்டு. அந்தத் திசையில் கை போகும்போது அது மிகுதியாகத் துடிக்கிறது. விலக விலகக் குறைகிறது. தனியே ஒரு நரம்பணுவைக் கேட்டால் திசை தெளிவாகத் தெரியாது. ஊர்க்கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் பக்கம் கை தூக்குவதுபோல, எல்லா நரம்பணுக்களின் சாய்வையும் சேர்த்துக் கூட்டினால், கை போகப்போகும் திசை வந்துவிடுகிறது. கை அசைவதற்குச் சற்று முன்பே வந்துவிடுகிறது.

அதற்கும் முன்னால் நடப்பது இன்னும் வியப்பு. 1976இல் ஜுன் தஞ்சியும் எட்வர்ட் எவார்ட்ஸும், தள்ளவா இழுக்கவா என்று குரங்குக்கு முன்கூட்டியே சொல்லி, புறப்படும் சைகைவரை காக்கவைத்தார்கள். கை அசையாத அந்த நேரத்திலும் நரம்பணுக்கள், வரப்போகும் அசைவுக்கு ஏற்றபடி துடித்துக்கொண்டிருந்தன. அப்படியானால் தயாராகும் துடிப்பு ஏன் தசைக்கு இறங்கிக் கையை அசைத்துவிடுவதில்லை? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா ஷெனாயின் குழு 2014இல் இதற்கு விடை தந்தது. கூட்டாகப் பார்த்தால், தயாரிப்பு நேரத்தில் நரம்பணுக்களின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. தசைக்குப் போய்ச் சேரும் மொத்தம் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. அந்தச் சமநிலைக்குள்ளேயே திட்டம் முழுவதும் அடுக்கப்படுகிறது. புறப்படும் நொடியில் சமநிலை வேறு பக்கம் திரும்ப, கட்டளை தண்டுவடத்துக்கு இறங்குகிறது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஷெனாய் 2023 ஜனவரியில் காலமானார். கையின் திட்டத்தைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் கணிசமான பகுதி அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்தது.

திட்டம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பால் சிசெக்கும் ஜான் கலாஸ்காவும் 2005இல் மாண்ட்ரியலில் காட்டியபடி, இரண்டு இலக்குகளில் எது என்று தெரியாத நேரத்தில் முன் இயக்கப் புறணி இரண்டுக்குமே திட்டம் வைத்துக்கொள்கிறது. எது என்று தெரிந்ததும் மற்றது அடங்கிவிடுகிறது. முதலில் தீர யோசித்து முடிவெடுத்து, பிறகு கையை நீட்டத் திட்டமிடுகிறோம் என்ற பழைய எண்ணத்துக்கு இது ஒத்துவரவில்லை. முடிவெடுப்பதும் திட்டமிடுவதும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒரு மரத்தில் இரண்டு குலைகள் பழுத்திருக்கும்போது, எதை முதலில் வெட்டுவது என்பதும் எங்கே நிற்பது என்பதும் வெட்டுபவருக்குச் சேர்ந்தே தோன்றுவதற்கு இதுவே காரணமாகலாம்.

கையின் திட்டத்தில் காலும் உண்டு. கையைத் தூக்கும் கணத்துக்குச் சற்று முன்பே காலின் தசைகளும் முதுகின் தசைகளும் இறுகத் தொடங்குகின்றன. 1967இல் மாஸ்கோவில் இதை அளந்து காட்டினார்கள். தூக்கும் கை உடம்பின் சமநிலையைக் குலைக்கும் என்று மூளைக்கு முன்பே தெரியும். குலைந்த பிறகு சரிசெய்ய அது காத்திருப்பதில்லை. கம்பை இழுக்கப்போகிறவர் ஒரு காலைப் பின்வைத்து ஊன்றுவதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலே, இழுப்பு எப்போது வரும் என்று சொல்லிவிடலாம்.

குலை வெட்டில் இன்னொரு விசேஷம், எட்டுவது விரல் அல்ல என்பது. எட்டுவது பல மீட்டர் தள்ளியிருக்கும் அரிவாள் நுனி. ஜப்பானில் அட்சுஷி இரிகியின் குழு 1996இல், சிறு வாரியால் உணவைத் தன்பக்கம் இழுக்கப் பழகிய குரங்குகளின் உச்சிமடலில் சில நரம்பணுக்களைப் பதிவு செய்தது. கையைத் தொட்டாலும், கைக்குப் பக்கத்தில் எதையாவது பார்த்தாலும் துடிக்கும் நரம்பணுக்கள் அவை. குரங்கு வாரியைப் பயன்படுத்தத் தொடங்கியதும், அவற்றின் 'கைக்குப் பக்கம்' வாரியின் நுனிவரை நீண்டது. வெறுமனே வாரியைப் பிடித்திருந்தால் நீளவில்லை; வேலை செய்தால்தான் நீண்டது. மனிதர்களிடமும் இதற்கு ஒத்த விளைவு உண்டு. லியோனில் 2009இல் வெளியான ஆய்வில், நீண்ட இடுக்கியால் சிறிது நேரம் பொருள்களை எடுத்தவர்கள், அதைக் கீழே வைத்த பிறகும், தங்கள் கை முன்பைவிட நீளமானதுபோலவே வெறுங்கையை நீட்டினார்கள். ஆண்டுக்கணக்காகக் கம்பு பிடித்தவரின் மூளையில், கம்பு கையில் ஏறிய உடனே கையின் எல்லை மரத்தின் கொண்டைவரை போய்விடுகிறது என்று எண்ண இடமுண்டு.

ஆனால் கம்பு வளையும், காற்றில் ஆடும். அதன் நுனி கையைவிடத் தாமதமாக அசையும். கண் கண்ட பிழை மூளைக்கு எட்டி, கையைத் திருத்தும் கட்டளையாக மாற பத்தில் ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் கை வெகுதூரம் போய்விடும். வந்த செய்தியை வைத்து மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் கை எப்போதும் பின்தங்கியே ஆடும். இதைத் தீர்ப்பது முக்கியமாகச் சிறுமூளை. அனுப்பிய கட்டளையின் நகல் ஒன்று அங்கே போகிறது. இந்தக் கட்டளைக்குக் கை இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருக்கும் என்று அது முன்கூட்டியே கணிக்கிறது. வந்த செய்தி கணிப்போடு பொருந்தாவிட்டால், அந்த வேறுபாடே அடுத்த முறைக்கான பாடமாகிறது. சிறுமூளை பழுதுபட்டவர்களின் கை இலக்கைத் தாண்டிப் போவதும், நெருங்க நெருங்க நடுங்குவதும் இந்தக் கணிப்பு கெட்டுப்போவதால்தான். புதிதாகக் கம்பு பிடிப்பவரின் அரிவாள் காம்பைத் தாண்டி மட்டையில் சிக்கும்போது அவருடைய சிறுமூளைக்கு அந்தக் கம்பு இன்னும் பழகவில்லை.

நடுவழித் திருத்தமும் நடக்கிறது, நினைவுக்குத் தெரியாமலே. 1986இல் கூடேல், பெலிசோன், பிராப்லாங்க் மூவரும் கண் தாவும் கணத்தில் இலக்கைச் சற்று நகர்த்தினார்கள். அது நகர்ந்ததைப் பார்த்தவர்கள் உணரவே இல்லை. ஆனால் அவர்களுடைய கை புதிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. 1999இல், கை போகும்போது உச்சிமடலின் மேல் காந்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். அந்தத் திருத்தம் நின்றுபோனது.

எல்லாப் பிழையையும் மூளை திருத்துவதில்லை. இமானுவேல் டொடொரோவும் மைக்கேல் ஜோர்டனும் 2002இல் முன்வைத்த கோட்பாடு இது: காரியத்தைக் கெடுக்கும் பிழையை மட்டும் திருத்து, மற்றதை விட்டுவிடு. பால் வெட்டில் கத்தி சற்று மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் கேடில்லை, ஆழம் மாறக்கூடாது. அதனால் தேர்ந்தவரின் கையில் வேகம் மரத்துக்கு மரம் வேறுபடலாம், ஆழம் வேறுபடாது. பட்டறையில் பெர்ன்ஸ்டைன் கண்டதும் இதையே. வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. பால் ஃபிட்ஸ் 1954இல் காட்டிய விதிப்படி, தூரம் இரு மடங்கானாலும், இலக்கின் அகலம் பாதியானாலும் அசைவுக்கு ஆகும் நேரம் ஒரே அளவு கூடும். உயரம் கூடக் கூட குலை தூரமாவதோடு, கீழிருந்து பார்க்கக் காம்பும் சிறிதாகிறது. உயர்ந்த மரங்களில் ஒரு நாள் வெட்டும் குலைகளின் எண்ணிக்கை குறைவதற்குக் கையின் களைப்பு மட்டும் காரணமல்ல.

மலேசிய செம்பனை வாரியம் உருவாக்கிய காந்தாஸ் என்ற கருவி, கம்பின் நுனியிலுள்ள அரிவாளைச் சிறு பெட்ரோல் எந்திரத்தால் இயக்குகிறது. அது ஏற்றுக்கொள்வது வெட்டும் பலத்தை. எந்தக் குலை பழுத்தது என்று கண்டு, மட்டைகளுக்கு நடுவே நுனியைக் காம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னும் மனிதரின் வேலை. பலத்தை எந்திரத்துக்குக் கொடுப்பது எளிது, திட்டத்தைக் கொடுப்பது கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

திட்டத்தை எந்திரத்துக்குக் கொடுக்க முடிந்த துறை ஒன்று உண்டென்றால் அது மருத்துவம். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பக்கவாதத்தால் கைகால் செயலிழந்த ஒரு பெண்மணி, இயக்கப் புறணியில் பதித்த நுண்முனைகள் வழியாக எந்திரக் கையை இயக்கி, புட்டியை வாயருகே கொண்டுவந்து காப்பி குடித்தார். நரம்பணுக்கள் திசையைக் கூட்டாகச் சொல்கின்றன என்று 1980களில் தெரியவந்ததன் தொடர்ச்சி அது. 2021இல் ஷெனாயின் குழு இன்னொரு படி போனது. தண்டுவடக் காயத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவர், பேனா பிடித்து எழுதுவதாக முயன்றபோது புறணியில் எழுந்த துடிப்புகளைக் கணினி படித்து, நிமிடத்துக்கு 90 எழுத்துகள்வரை திரையில் இட்டது. பல ஆண்டுகளாக அசையாத கை அது. அது எழுத வேண்டிய எழுத்துகளின் திட்டமோ, ஒவ்வொரு வளைவும் கோடும் பிரித்தறியக்கூடிய அளவுக்கு, புறணியில் அப்படியே இருந்தது.